தூண்டிற் கலை

ஓய்வுப் பொழுதை இன்பமாகக் கழிப்பதற்கு மக்கள் பல வழிகளைக் கண்டுள்ளனர். சிலர் அஞ்சல்தலை சேர்க்கின்றனர். சிலர் தோட்டம் வளர்க்கின்றனர். சிலர் பறவைகளைக் கூர்ந்து நோக்கி அவற்றின் பெயரும் இயல்பும் அறிகின்றனர். நீர்நிலையின் கரையில் தூண்டிலோடு அமர்ந்து மீன் பிடித்தலும் இத்தகைய பொழுதுபோக்குகளுள் ஒன்றாகும். வயிற்றுப்பாட்டிற்காக மீன் பிடிப்போர்க்கு அஃது ஒரு தொழில். பொழுதுபோக்காகப் பிடிப்போர்க்கோ அது நீரையும் நீர்வாழ் உயிர்களையும் அறியும் ஒரு கல்வி. அக்கல்வியின் இயல்பையும், அதனோடு சேர்ந்து வரும் கடமையையும் இப்பாடத்தில் காண்போம்.

மதுரை மாநகரின் வடமேற்கில், திண்டுக்கல் செல்லும் சாலையில் அமைந்த ஊர் விளாங்குடி. வையை ஆற்றின் வடகரைப் பகுதியில் தனி ஊராக விளங்கிய இது, 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. மதுரையைச் சூழ்ந்த சமவெளி கண்மாய்களால் வாழ்ந்த நிலம். மாடக்குளம், வண்டியூர், செல்லூர், விளாங்குடி எனக் கண்மாய்களின் பெயரும் ஊர்களின் பெயரும் அங்கே ஒன்றாகவே வழங்குகின்றன. மழைக்காலத்தில் கண்மாய் நிறையும். கலுங்கு வழியே மறுகால் பாயும். மடை வழியே வயலுக்கு நீர் செல்லும். அந்நீரிலே கெண்டையும் கெளுத்தியும், விராலும் குறவையும், ஆராலும் அயிரையும் வாழும். மூங்கிற்கழியும் நரம்புமாகக் கரையில் அமர்ந்திருக்கும் சிறுவரைக் காணாத கண்மாய் அந்நாட்டில் இல்லை எனலாம்.

கோடையில் நீர் வற்றும்போது மேலூர், சிவகங்கைப் பகுதிகளில் மீன்பிடித் திருவிழா நடைபெறும். ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசியவுடன், காத்திருந்த மக்கள் அனைவரும் ஊத்தாவும் வலையுமாக ஒரே நேரத்தில் கண்மாயில் இறங்குவர். அஃது ஊர் கூடிச் செய்யும் ஆரவாரமான விழா. தூண்டிலோ தனிமையை நாடுவது, அமைதியை வேண்டுவது. விழாவில் கைவேகம் வெல்லும். தூண்டிலில் பொறுமை வெல்லும்.

தமிழர்க்குத் தூண்டில் புதியதன்று. மீனைக் கொடியில் பொறித்த பாண்டியரின் தலைநகரம் மதுரை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் தூண்டிலை உறுப்புத் தோறும் விளக்குகின்றார். நீண்ட மூங்கிற்கழி, அதில் கட்டிய கயிறு, வளைந்த வாயையுடைய இரும்பு முள், தோற்பையில் இட்ட இரை ஆகிய அனைத்தும் அங்கே காணப்படுகின்றன. இரையை மட்டும் கவர்ந்து தப்பிய வாளைமீன் ஒன்று, பின்னர் நீரருகே அசையும் பிரம்பின் நிழலைக் கண்டும் அஞ்சுவதாக அவர் பாடுகின்றார். மீன் கண்ணால் அறியும், அறிந்ததை நினைவிற் கொள்ளும் என்னும் உண்மை அக்காலத்தே உணரப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

எளிய தூண்டிலின் உறுப்புகள் ஐந்து. அவை கழி, நரம்பு, தக்கை, ஈயக் குண்டு, முள் என்பன. கழி வளைந்து கொடுத்து மீனின் இழுப்பைத் தாங்கும். நரம்பு முன்னாளில் நூலாலும் பட்டாலும் ஆயது. இக்காலத்தில் நைலானால் ஆயது. தக்கையாக மயிலிறகின் தண்டைப் பயன்படுத்துதல் நம் நாட்டு வழக்கம். அது நீர்மேல் நிமிர்ந்து நின்று, அடியில் நிகழ்வதை மேலே அறிவிக்கும். ஈயக் குண்டு இரையை ஆழத்திற்குக் கொண்டு செல்லும். மண்புழுவோ மாவுருண்டையோ முள்ளில் இரையாகும். தக்கை மெல்ல நடுங்கினால் மீன் இரையைச் சுவைக்கிறது. சாய்ந்து ஓடினால் கவ்விச் செல்கிறது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து இழுப்பதே தூண்டிலின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் மீனின் புலன்களைப் பற்றியது. மீனின் உடலின் இரு பக்கங்களிலும் தலையிலிருந்து வால்வரை ஒரு கோடு செல்லும். நீரில் எழும் மிகச் சிறிய அதிர்வையும் மீன் இக்கோட்டினால் உணரும். கரையில் இருவர் மெல்லப் பேசும் ஒலி பெரும்பாலும் நீருக்குள் புகுவதில்லை; ஆனால் நிலம் அதிர நடக்கும் காலடி உடனே எட்டிவிடும். இனி, கண்ணைப் பற்றி அறிவோம். ஒளி நீருக்குள் புகும்போது வளைகின்றது. ஆதலின் நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்குமேல் உள்ள ஒரு வட்டச் சாளரத்தில் அடங்கித் தோன்றும். அச்சாளரத்தின் கூம்பு ஏறத்தாழ 97 பாகை அளவுடையது. நிமிர்ந்து நிற்பவன் அதில் தெளிவாகத் தெரிவான்; தாழ்ந்து குனிந்திருப்பவன் அதன் விளிம்பில் நசுங்கி மங்கலாகவே தோன்றுவான். கரையில் குந்தியிருந்து தூண்டில் போடும் சிற்றூர்ச் சிறுவன் இயற்பியல் கற்றவன் அல்லன்; எனினும் அவன் செய்வது இயற்பியலுக்கு ஒத்ததே.

மூன்றாம் பாடம் இடமும் காலமும் அறிதல். நடுப்பகலில் மேல்நீர் சூடேறும். சூடேறிய நீரில் கரைந்திருக்கும் உயிர்க்காற்றுக் குறையும். அப்போது மீன்கள் ஆழத்தையும் நிழலையும் நாடும். காலையிலும் மாலையிலும் அவை கரையோரம் வந்து மேயும். மடையின் அருகே நீர் ஓடும் இடம், அல்லியும் தாமரையும் படர்ந்த விளிம்பு, மூழ்கிய மரத்தின் அடி ஆகியவை மீன் தங்கும் இடங்கள். நீர்ப்பரப்பில் தோன்றும் சிறு வட்டம், திடீரென எழும் குமிழி, கூட்டமாகத் துள்ளும் குஞ்சுகள் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு செய்தி. படிக்கத் தெரிந்தவனுக்குக் கண்மாய் ஒரு நூல்.

இரையிட்டுக் காத்திருக்கும் முறையினும் நுட்பமான முறை ஒன்று உண்டு. மீன்களுட் சில நீர்மேல் விழும் ஈ, ஈசல் முதலிய பூச்சிகளை விரும்பி உண்ணும். முள்ளின்மேல் இறகும் மயிரும் நூலும் கட்டி அப்பூச்சிகளைப் போலவே செய்த பொய்யுருவைக் கொண்டு மீன் பிடிப்பதே அம்முறை. அப்பொய்யுருவைப் 'பொய்யீ' என்று கூறலாம். பொய்யீ எடையற்றது, பஞ்சு போன்றது. எடையற்ற பொருளைத் தொலைவில் எறிதல் இயலுமோ? ஈயக் குண்டைக் கட்டினால் அது நீரில் மூழ்கிவிடும். ஆதலால் இம்முறையில் எடை முழுவதும் நரம்பிலேயே வைக்கப்படுகின்றது. தடித்துத் தொடங்கி நுனியில் மெலியும் தனி நரம்பை, ஏறத்தாழ ஒன்பது அடி நீளமுள்ள வளையும் கழியால் சாட்டையைப் போலச் சுழற்றுவர். முதலில் பின்வீச்சு, நரம்பு பின்னே முழுதும் நீளும்வரை ஒரு சிறு நிறுத்தம், பின்னர் முன்வீச்சு. நரம்பு காற்றில் ஒரு வளையமாக உருண்டு சென்று விரிந்து, நுனியிலுள்ள பொய்யீயைப் பூ உதிர்வது போல நீர்மேல் இறக்கும். வலிமையால் வீசுபவன் இங்கே தோற்பான். நிறுத்தத்தின் அளவறிந்தவன் வெல்வான்.

இக்கலை தொன்மையானது. கி.பி. 200-ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஏலியன் என்பார், மாசிடோனியா நாட்டினர் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் இறகுகளைக் கட்டி மீன் பிடித்த செய்தியை எழுதியுள்ளார். இங்கிலாந்தில் 1496-ஆம் ஆண்டு அச்சான நூலொன்றில் பன்னிரண்டு வகைப் பொய்யீக்கள் விளக்கப்பட்டுள்ளன. ஜப்பானிய மலைநாட்டினரும் நீண்ட மூங்கிற்கழியும் பொய்யீயும் கொண்டு தமக்கென ஒரு முறையை வளர்த்துள்ளனர்.

இக்கலைக்கும் தென்னாட்டிற்கும் எதிர்பாராத தொடர்பு ஒன்று உண்டு. தென்னிந்திய மலைக்காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுச்சேவலின் கழுத்திறகில், மெழுகு பூசியது போன்ற வெண்மையும் மஞ்சளுமான புள்ளிகள் ஒளிரும். பொய்யீயின் பக்கத்தில் அவ்விறகைக் கட்டினால் அது சிறுமீனின் கண்போலத் தோன்றும். இதனால் அவ்விறகிற்கு அயல்நாடுகளில் பெருமதிப்பு உண்டாயிற்று. எண்ணற்ற பறவைகள் உயிரிழந்தன. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இன்று இப்பறவையைக் காக்கின்றது. அயல்நாட்டார் தம் பண்ணைகளில் வளர்த்த பறவைகளின் இறகையும், செயற்கை இழைகளையும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டனர். ஒரு மீனைக் கவர ஒரு பறவை இறத்தல் வேண்டா என்பதை உலகம் சற்றுக் காலந்தாழ்ந்தே உணர்ந்தது.

நம் நாட்டில் இப்பொழுதுபோக்கைப் பற்றி விரிவாக எழுதியவருள் ஹென்றி சல்லிவன் தாமஸ் குறிப்பிடத்தக்கவர். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த அவர், இந்திய ஆறுகளில் தூண்டில் போடுதல் பற்றி 1873-இலும், கண்மாய், குளங்களில் தூண்டில் போடுதல் பற்றி 1887-இலும் நூல்கள் வெளியிட்டார். மலைநாட்டு ஆறுகளோடு அமையாது, சமவெளிக் கண்மாய்க்கும் ஒரு தனி நூல் வேண்டும் என அவர் கருதியமை நோக்கத்தக்கது.

பொய்யீக்கு உரிய மீன் டிரௌட் என்பது. அது குளிர்நாட்டு மீன். தெளிந்து ஓடும் குளிர்நீரிலன்றி வாழாது. அதனை நீலகிரியில் வாழச் செய்ய 1863-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்னும் மீனியல் அறிஞர் முயன்றார், அம்முயற்சி நிறைவேறவில்லை. பின்னர் எச். சி. வில்சன் என்பாரின் முயற்சியால் அவலாஞ்சியில் 1907-இல் மீன் பொரிப்பகம் அமைந்தது. வானவில் டிரௌட் என்னும் இனம் அம்மலைநீரில் நிலைபெற்றது. அந்நீரோடைகளுட் பல இன்று காப்புக் காடுகளுக்கும் முக்குருத்தி தேசியப் பூங்காவிற்கும் உட்பட்டவை. ஆதலின் அரசின் இசைவின்றி அங்கே செல்லுதல் கூடாது.

டிரௌட் வந்தேறிய மீன். நம் ஆறுகளுக்கே உரிய வீரமீன் ஒன்றும் உண்டு. அது பெருங்கெண்டை இனத்தைச் சேர்ந்த மாசீர். காவிரியின் கிளையாகிய கபினியில் 1946-ஆம் ஆண்டு வான் இங்கன் என்பார் தூண்டிலால் பிடித்த மாசீரின் எடை 120 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம். காவிரியாற்றுத் தொகுதிக்கே உரிய திமில் மாசீர் இப்போது மிக அருகிவிட்டது. அஃது அழிவின் விளிம்பில் உள்ள இனம் என உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018-இல் அறிவித்தது. அணைகளும், மணல் அள்ளுதலும், வெடிவைத்து மீன் கொல்லும் கொடுமையும் அதனைக் குறைத்தன. 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே வெடியாலும் நஞ்சாலும் மீன் கொல்வதைத் தடுத்துள்ளது. சட்டம் பிறந்து நூறாண்டு கடந்தும் கொடுமை முற்றும் ஒழியவில்லை.

இனி, நன்னீரை விட்டு உவர்நீருக்குச் செல்வோம். அதற்கு வழிகாட்ட வையையே போதும். வருசநாட்டு மலையில் தோன்றும் அவ்வாறு விளாங்குடியையும் மதுரையையும் கடந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, எஞ்சிய வெள்ளத்தை ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக்கு நீரிணையில் சேர்க்கின்றது. நீர் செல்லும் வழியே உயிரும் செல்லும். ஆற்றிலும் குளத்திலும் வளரும் விலாங்கு, இனம் பெருக்கக் கடலுக்குச் செல்லும் இயல்பினது. கொடுவா மீனும் கழிமுகத்திலும் நன்னீரிலும் வளர்ந்து, முட்டையிடக் கடலை நாடும். உள்நாட்டுக் கண்மாயும் கடலும் வெவ்வேறு உலகங்கள் போலத் தோன்றினும், மீனுக்கு அவை ஒரே வீட்டின் இரண்டு அறைகள்.

கடலில் தூண்டில் போடும் முறை கண்மாய் முறையினின்றும் வேறுபட்டது. கடல்மீன் வலியது, ஓட்டத்தில் வல்லது. பாறை, கொடுவா, வஞ்சிரம் முதலியன சிறுமீன்களைத் துரத்தி உண்பன. ஆதலின் இங்கே பொய்யீ பூச்சியின் உருவில் அமைவதில்லை. நெத்தலி, சாளை போன்ற சிறுமீனின் உருவில் வெண்ணிற மயிராலும் மின்னும் இழைகளாலும் அமைகின்றது. தூண்டில் நரம்புகளுக்கு எடைக்கேற்ப எண் இடுவர். டிரௌட் மீனுக்கு 4 முதல் 6 வரையுள்ள நரம்பு போதும். கடலுக்கு 8 முதல் 10 வரை வேண்டும். கழியின் அடியில் நரம்பைச் சுற்றி வைக்கும் உருளை, மீன் ஓடும்போது அளவாக நரம்பை விட்டுக்கொடுக்கும். உப்புநீர் இரும்பை அரிக்குமாதலால், கரையேறியவுடன் கருவிகளை நன்னீரில் கழுவுதல் இன்றியமையாதது.

கண்மாயில் நேரத்தை நோக்குபவன் கடலில் ஓதத்தையும் நோக்குதல் வேண்டும். நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் சிறுமீன்கள் நீரோட்டத்தில் இழுக்கப்படும். அவற்றைத் தேடிப் பெருமீன்கள் வரும். ஆழமற்ற நீரில் நடப்பவர் காலைத் தூக்கி வையாது மணலில் தேய்த்தே நடத்தல் வேண்டும். மணலில் புதைந்திருக்கும் திருக்கை அவ்வதிர்வை உணர்ந்து விலகிச் செல்லும். மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக விளங்குகின்றது; அங்கே தூண்டில் போடுதல் குற்றமாகும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. மீன்கள் இனம் பெருகுவதற்காகத் தொழிலாளரே தம் வருவாயை இழந்து காத்திருக்கும்போது, பொழுதுபோக்காளர் பொறுக்கமாட்டாமை தகுதியன்று.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். உணவிற்காக உயிரைக் கொல்வதே ஆராயத்தக்கது. விளையாட்டிற்காக ஓருயிரை வருத்துதல் முறையாகுமோ? இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட முடியாது. திருவள்ளுவர் தூண்டிலை அறிவார். சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டார். அங்கே அவருடைய நெஞ்சம் தூண்டில் போட்டவன் பக்கம் நிற்கவில்லை. ஏமாந்த மீனின் பக்கமே நிற்கின்றது. மதுரைத் திருவிளையாடற் புராணத்தில் ஒரு நாரை வருகின்றது. பொற்றாமரைக் குளத்தை அடைந்த அந்நாரை, பசித்தும் அங்குள்ள மீனை உண்ணாது நோற்றது. பிற நாரைகளும் பழியிலிருந்து தப்புதற்பொருட்டு அக்குளத்தில் மீனே இல்லாதிருக்க வேண்டும் என்று வரம் கேட்டது. மீனையே உணவாகக் கொண்ட பறவைக்கும் நிறுத்திக்கொள்ளும் எல்லை ஒன்று உண்டு என்பதே அக்கதையின் உட்பொருள்.

அவ்வெல்லையை வகுத்துக்கொண்டவனே நல்ல தூண்டிற்காரன். உண்பதற்கு வேண்டிய அளவிற்கு மேல் அவன் பிடித்து வைத்துக்கொள்ளான். விட்டுவிடும் எண்ணமுடையவன் எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளையே பயன்படுத்துவான். அது காயத்தைக் குறைக்கும். மீனை நெடுநேரம் இழுத்து விளையாட்டுக் காட்டான். ஏனெனில் களைத்த மீன் விட்டபின்னும் இறக்கக்கூடும். கோடை வெயிலில் சூடேறிய நீரில் அவ்விறப்பு மிகுதி. மீனின் உடல்மேல் உள்ள வழுவழுப்பு நோய் புகாமற் காக்கும் கவசம். உலர்ந்த கையோ மணலோ பட்டால் அக்கவசம் அழியும். ஆதலின் கையை நனைத்த பின்னரே மீனைத் தொடுதல் வேண்டும். கூடுமாயின் நீருக்குள் வைத்தே முள்ளை நீக்குதல் வேண்டும். இவ்வாறு செய்தாலும் மீனுக்குத் துன்பமே இல்லை என்று கூறுதல் பொய்யாகும். துன்பத்தைக் குறைக்கலாம் என்பதே உண்மை.

எதனை, எப்போது பிடித்தல் கூடாது என்பதும் அறியத்தக்கது. விரால்மீன் தன் குஞ்சுகளைப் பேணும் தாய்மை உடையது. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மேல் கொப்பளிக்கும் இடத்தில், அவற்றின் அடியில் பெற்றோர் காவல் நிற்கும். அருகே வரும் எதனையும் சினந்து தாக்கும் இயல்பினால் அப்போது அது எளிதில் தூண்டிலில் சிக்கும். அவ்விராலைப் பிடித்தவன் ஒரு மீனைப் பிடித்தவன் அல்லன். காவலற்ற நூற்றுக்கணக்கான குஞ்சுகளையும் கொன்றவன் ஆவான். புதுவெள்ளத்தில் மீன்கள் முட்டையிட எதிரேறும் நாள்களும் அத்தகையவை. கொடுவா மீன் முதலில் ஆணாக இருந்து, வளர்ந்து பெரிதான பின்னர்ப் பெண்ணாக மாறுவது. ஆகவே மிகப் பெரிய கொடுவாவைப் பிடித்தல் முட்டையிடும் தாயைப் பிடித்தலே ஆகும்.

எனினும் பிடித்த மீனை விட்டுவிடுதல் எவ்விடத்தும் நன்றன்று. அயல்நாட்டிலிருந்து வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, நம் கண்மாய்களில் உள்ளூர் மீன்களையும் அவற்றின் குஞ்சுகளையும் தின்று பெருகுகின்றது. அதனை வளர்ப்பதை அரசு தடைசெய்துள்ளது. அத்தகைய மீன் சிக்கினால் அதனைத் திரும்ப நீரில் விடுதல் அறமாகாது. வேறொரு குளத்திற்குக் கொண்டு செல்லுதலோ பெருந்தீங்காகும். கண்மாய் மீன்களின் உரிமை 'மீன்பாசி' ஏலத்தின் வழியே குத்தகைக்கு விடப்படுவது வழக்கம்; ஆதலின் உரியவரின் இசைவு பெற்றே தூண்டில் போடுதல் வேண்டும். அறுந்த நைலான் நரம்பைக் கரையில் எறிந்துவிட்டுச் செல்வோரும் உளர். அது மக்குவதில்லை, கொக்கின் காலிலும் நாரையின் அலகிலும் சிக்கி அவற்றை மாய்க்கும்.

இவை அனைத்தினும் பெரியது நீரைக் காக்கும் கடமை. மடையடைத்து மனைகள் பெருகினால் மீன் எதிரேற வழியில்லை; கழிவுநீர் கலந்தால் உயிர்க்காற்றில்லை; ஆகாயத்தாமரை மூடினால் ஒளியில்லை. நகரம் வளரும் வேகத்தில் மதுரையைச் சூழ்ந்த கண்மாய்கள் பலவற்றிற்கு இத்துன்பங்கள் நேர்ந்துள்ளன. வழிப்போக்கர்க்கு நீரின் நிறம் மாறியது தெரியாது போகலாம். வாரந்தோறும் ஒரே கரையில் அமர்ந்து தக்கையை நோக்குபவனுக்கோ, சென்ற ஆண்டு கிடைத்த ஆரால் இவ்வாண்டு கிடைக்காமை உடனே தெரியும். கண்மாயின் நோயை முதலில் அறியும் மருத்துவன் அவனே. அறிந்தவன் ஊரார்க்கு உரைத்தல் வேண்டும். உரைத்தவனோடு ஊரார் சேர்ந்து உழைத்தல் வேண்டும்.

தூண்டிற் கலையைக் கற்க விரும்பும் மாணவர் முதலில் தூண்டிலை வாங்க வேண்டியதில்லை. நீந்தக் கற்றுப் பெரியோர் துணையோடு ஒரு மாலைப்பொழுது கண்மாய்க் கரையில் அமைதியாக அமர்ந்து, நீர்மேல் எழும் வட்டங்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எங்கே மீன் மேய்கிறது, எப்பூச்சி நீரில் விழுகிறது, எந்நேரத்தில் கொக்கு வருகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவரின், தூண்டில் இல்லாமலே இக்கலையின் பாதி கைவந்துவிடும். மறுபாதியைக் கழியும் நரம்பும் கற்பிக்கும். நாள் முழுதும் அமர்ந்து வெறுங்கையோடு திரும்பும் நாள்களும் பல வரும். அந்நாளில் நீரைப் பற்றிப் புதிதாக ஒன்றை அறிந்து திரும்பியவன், வெறுங்கையோடு திரும்பியவன் அல்லன்.